நாலு டாக்டர், நாலு சீட்டு, ஒரே உடம்பு

வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளைப் பிரித்து அடுக்கியபோது ஒன்று கண்ணில் பட்டது. "எனக்குச் சுகர், என்ன செய்யலாம்?" என்று யாருமே கேட்கவில்லை. சுகரோடு கிட்னி, சுகரோடு டி.பி., சுகரோடு மூட்டுவலி என்று எல்லாம் ஜோடி ஜோடியாக வந்திருக்கின்றன. இதில் வியப்பில்லை. ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க எடுத்து 2023-ல் வெளிவந்த ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். அத்தனை பேருக்கும் வயதாகிறது, மற்ற நோய்கள் சும்மா விடுமா என்ன. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. 19 வருடமாகச் சுகரும் பிரஷரும். மூட்டுவலியும் உண்டு. போன வருடம் வரை 250, 280 என்று இருந்த சுகர் இந்த நாலைந்து மாதமாகத் தானாகவே 130, 110 என்று இறங்கிவிட்டது. கால் கொஞ்சம் வீங்குகிறது என்பதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை, எல்லோரும் சந்தோஷப்பட்டோம். போன வாரம் விடியற்காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை, தலையணை நனைகிற அளவுக்கு வேர்த்திருந்தது. ஆஸ்பத்திரியில் சுகர் 38 என்றார்கள். குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து பேசினார்கள், ஆனாலும் இரண்டு நாள் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். கிட்னி டெஸ்ட்டில் கிரியாட்டினின் 2.6. சுகர் குறைவது நல்லதுதானே, பிறகு ஏன் இப்படி? (ஒரு மகள், விருதுநகர்)

பதில்: நல்லதில்லை அம்மா. அதுவும் தானாக இறங்கினால் கண்டிப்பாக நல்லதில்லை. சாப்பாட்டை மாற்றவில்லை, புதிதாக நடக்க ஆரம்பிக்கவில்லை, மாத்திரையும் அதே மாத்திரை, சுகர் மட்டும் மளமளவென்று இறங்குகிறது என்று யாராவது சிரித்த முகத்தோடு வந்து சொன்னால், நான் முதலில் கையை நீட்டிக் கேட்பது கிரியாட்டினின் ரிப்போர்ட்டைத்தான்.

உடம்பில் வேலையை முடித்த இன்சுலினை உடைத்து அப்புறப்படுத்துவதில் கிட்னிக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊரில் "உப்பு ஏறிவிட்டது" என்பார்களே, அந்த நிலைக்கு வந்த கிட்னியால் இதைச் செய்ய முடியாது. இன்சுலின் வெளியேறாமல் ரத்தத்திலேயே கூடுதல் நேரம் சுற்றும், சுகரை இறக்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் அனுப்பிய சீட்டில் கிளிபென்கிளமைடு என்று ஒரு பழைய சுகர் மாத்திரை இருக்கிறது. விலை குறைவு, நன்றாக வேலை செய்யும், 20 வருடத்துக்கு முன் நானே எழுதித் தள்ளியிருக்கிறேன். அதுவும் உடைந்த பிறகு கணிசமாகக் கிட்னி வழியாகத்தான் வெளியே போக வேண்டும். போக வழியில்லாவிட்டால் இன்றைக்குப் போட்ட மாத்திரை நாளைக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். எழுந்து பேசியவரை இரண்டு நாள் படுக்க வைத்தது பில்லை ஏற்றுவதற்காக இல்லை. ஒரு பாட்டில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அன்று ராத்திரியே மறுபடி இறங்கியிருக்கலாம்.

மூட்டுவலிக்கு என்ன சாப்பிட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என் ஊகம், மெடிக்கல் ஷாப்பில் "வலி மாத்திரை ரெண்டு கொடுங்க" என்று வாங்கியது, அதுவும் மாதக்கணக்கில். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் வகை வலி மாத்திரைகள் ஏற்கெனவே பழுதான கிட்னியை இன்னும் ஒரு மிதி மிதிக்கும். இனி வலிக்குப் பாராசிட்டமால், ஒத்தடம், முழங்காலுக்கான பயிற்சி, அதற்கு மேல் எதுவென்றாலும் டாக்டரைக் கேட்டுத்தான்.

இன்னொன்றும் அந்தச் சீட்டில் பார்த்தேன். பிரஷருக்கு மெட்டோப்ரோலால் போகிறது. நல்ல மருந்துதான். ஆனால் சுகர் இறங்கும்போது வருகிற படபடப்பையும் கை நடுக்கத்தையும் அது அமுக்கிவிடும். வேர்வையை மட்டும் அதனால் மறைக்க முடியாது. அதனால் உங்கள் அம்மா விஷயத்தில் காரணமில்லாமல் வேர்த்தால், ஃபேனைப் போடுவதற்கு முன்னால் சுகரைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருந்துகளை இனி கிட்னியைப் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்ட ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர். என்று ஓர் எண் இருக்கும், இல்லாவிட்டால் லேபில் கேட்டு வாங்குங்கள். அது 45-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைக் குறைப்போம், 30-க்குக் கீழே போனால் நிறுத்துவோம். அம்மாவின் வயதுக்கு 2.6 கிரியாட்டினின் என்றால் கணக்கு 20-ஐ ஒட்டித்தான் வரும். இந்த நிலையிலும் கொடுக்கக்கூடிய மாத்திரைகள் உண்டு, கொஞ்சமாக இன்சுலினும் கொடுக்கலாம், அதை உங்கள் டாக்டர் பார்த்துக்கொள்வார். மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் டெஸ்ட்டை (எச்.பி.ஏ.1சி) மட்டும் நம்பி உட்கார வேண்டாம். கிட்னி கெட்டவர்களுக்கு ரத்தசோகையும் சேர்ந்திருக்கும், அதற்கு ஊசி போடுவார்கள், அப்போது அந்த எண் உண்மையைவிட அழகாகத் தெரியும்.

சாப்பாட்டில் ஒரு வேண்டுகோள். சுகருக்காகச் சோற்றைக் குறை, கிட்னிக்காகப் பருப்பைக் குறை, பொட்டாசியத்துக்காகக் காயையும் பழத்தையும் குறை என்று ஆளாளுக்குச் சொன்னால் தட்டில் கடைசியில் மிஞ்சுவது ஊறுகாய்தான், அதையும் பிரஷருக்காக எடுத்துவிடுவார்கள். மூன்று நோய்க்கும் சேர்த்து ஒரே ஒரு சாப்பாட்டுத் திட்டத்தை ஒரே ஓர் ஆளிடம் வாங்குங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்காமல் இளநீர் கொடுக்க வேண்டாம். "உடம்புக்கு நல்ல உப்பு" என்று விற்கும் சோடியம் குறைத்த உப்பும் வேண்டாம், அதில் சோடியத்துக்குப் பதில் இருப்பதே பொட்டாசியம்தான்.

கடைசியாக, அம்மா இப்போது விழுங்குவது எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். எல்லாம் என்றால் மூட்டுக்குச் சாப்பிடும் சூரணம், கண்ணில் விடும் சொட்டு, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த கேப்சூல் வரைக்கும். சீட்டு போதாது, அட்டையே வேண்டும். சில மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் என் மேஜையில் இப்படிக் கொட்டினார், 14 அட்டை. சுகர் டாக்டர் எழுதியது பச்சை அட்டை, வேறு வேலையாகப் போன இடத்தில் இன்னொருவர் எழுதியது வெள்ளி அட்டை, பெயரும் வேறு வேறு. திருப்பி வைத்துப் பொடி எழுத்தைப் படித்தால் இரண்டிலும் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும்தான். மனுஷன் மூன்று மாதமாக இரட்டை டோஸ் போட்டிருக்கிறார். "பதினோரு மணிக்கு ஒரு மாதிரி கண்ணை இருட்டிக்கிட்டு வருது டாக்டர், டீக்கடையில ரெண்டு பன் தின்னா சரியாயிடுது" என்கிறார். பன் தின்று தின்று 4 கிலோ ஏறியிருந்தார். எடை கூடிவிட்டது என்று அந்தச் சுகர் டாக்டரிடம் திட்டு வேறு வாங்கியிருக்கிறார், பாவம்.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, கம்புக்கூழ், ராகிக் கஞ்சி சாப்பிடலாம்தானே? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கருப்பட்டி தூத்துக்குடிக்காரருக்கு உயிர் என்று தெரியும், இருந்தாலும் ரத்தத்துக்குள் போனால் அது சர்க்கரைதான். ராகியைக் கஞ்சியாகக் காய்ச்சினால் சீக்கிரம் ஜீரணமாகிச் சுகர் சட்டென்று ஏறும். களியாகவோ அடையாகவோ, கூடவே கீரையும் பருப்பும் வைத்துச் சாப்பிடுங்கள், அளவோடு.

கேள்வி: என் கணவருக்கு 41 வயது, பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். ஐந்து வருடமாகச் சுகர், மாத்திரையில் 150-க்குள் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன் டி.பி. என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்தார்கள். அதிலிருந்து சுகர் 300-க்கும் மேல். டி.பி. மாத்திரைதான் சுகரை ஏற்றுகிறது, கொஞ்ச நாள் நிறுத்திப் பார் என்று உறவுக்காரர் ஒருவர் சொல்கிறார். மாமியார் அவருக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்துவிட்டார். (பெயர் வேண்டாம்)

பதில்: உறவுக்காரர் சொன்னதில் பாதி சரி, மீதிப் பாதி ஆளைக் கொல்லும். டி.பி. மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

சரியான பாதி என்னவென்றால், அந்த மாத்திரைகளில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று உண்டு. மூத்திரம் ஆரஞ்சு நிறமாகப் போகிறது என்று பயந்திருப்பாரே, அது இந்த மருந்தின் கைங்கர்யம்தான், பயமில்லை. இது கல்லீரலை முடுக்கிவிட்டு, கிளிமிபிரைடு மாதிரியான சுகர் மாத்திரைகளைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்ற வைக்கிறது. அவர் மாத்திரை போடுகிறார், ஆனால் அது பாதி வேலை முடிவதற்குள் காலியாகிவிடுகிறது. டி.பி. கிருமியும் தன் பங்குக்குச் சுகரை ஏற்றும். இன்னொரு காரணமும் இருக்கிறது, அது நல்ல காரணம். காய்ச்சல் விட்டுப் பசி திரும்பிவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறார்.

அதற்காகச் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். டி.பி.க்கு உடம்பு தேற வேண்டும், முட்டை, பருப்பு, சுண்டல், மீன் எல்லாம் வேண்டும். சாப்பாட்டை வைத்துக்கொண்டு மருந்தைக் கூட்டுவதுதான் வழி. இந்த ஆறு மாதத்துக்கு இன்சுலின் போடச் சொன்னால் மறுக்க வேண்டாம். "ஒரு தடவை போட்டால் வாழ்நாள் பூரா போடணும்" என்பது இவர் விஷயத்தில் பொருந்தாது. சுகர் ஏறியே கிடந்தால் டி.பி. குணமாவது தள்ளிப்போகும், குணமான பிறகு திரும்பி வரும் வாய்ப்பும் கூடும். உள்ளங்கால் எரிந்தால் சொல்லச் சொல்லுங்கள். டி.பி. மருந்தில் உள்ள ஐசோனியசிட் நரம்பைத் தொடும், சுகரும் அதே நரம்பைத்தான் தொடும், அதனால் பி6 வைட்டமின் மாத்திரை சேர்த்துக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

இனி, பலர் கோட்டை விடும் இடம். ஆறு மாதம் முடிந்து டி.பி. மாத்திரை நின்றதும் கல்லீரல் இரண்டொரு வாரத்தில் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். இப்போது கூட்டிய சுகர் மருந்து அப்போது அதிகமாகிவிடும், சுகர் தடாலென்று இறங்கும். டி.பி. சென்டரில் "முடிந்தது, போய் வாங்க" என்று அனுப்புகிறவர் இதைச் சொல்ல மறந்துவிடலாம். கடைசி மாத்திரை முடியும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, அந்த வாரமே சுகர் டாக்டரைப் பாருங்கள்.

தட்டு, டம்ளர் விஷயம். டி.பி. தட்டிலும் டம்ளரிலும் ஒட்டிக்கொண்டு பரவுவதில்லை, இருமும்போது காற்றில்தான் பரவுகிறது. சரியான மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில் பரவும் தன்மையும் பெரும்பாலும் அடங்கிவிடும். அதுவரை வாயை மூடி இருமட்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். டி.பி. நோயாளியை மலைமேல் சானடோரியத்தில் கொண்டுபோய் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை, வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம், கூட இருப்பவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியதே சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி மையம் 1959-ல் அந்த முடிவை வெளியிட்டது. அது மெட்ராஸ் வீடுகளில் நடந்த ஆராய்ச்சி, அந்த வீடுகளிலும் மாமியார்கள் இருந்திருப்பார்கள். அப்புறம், டி.பி. நோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் திட்டத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வர வேண்டும். வரவில்லை என்றால் டி.பி. சென்டரில் வெட்கப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு முடக்குவாதம், தினமும் காலையில் ஸ்டீராய்டு மாத்திரை. சுகரும் உண்டு. வெறும் வயிற்றில் பார்த்தால் எப்போதும் 105, 110தான். ஆனால் மூன்று மாத சராசரி 8.9 வந்திருக்கிறது. லேபில் தப்பா? (ஆசிரியை, 47, சிதம்பரம்)

பதில்: லேபில் தப்பில்லை டீச்சர், நீங்கள் பார்க்கும் நேரம்தான் தப்பு. காலை எட்டு மணிக்குப் போடும் பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு மதியத்துக்கு மேல்தான் சுகரைத் தூக்கும், சாயங்காலம் உச்சம், ராத்திரி மெதுவாக இறங்கி விடியும்போது ஒன்றும் நடக்காத மாதிரி 105 காட்டும். திருடன் போன பிறகு வீட்டைச் சோதனை போடுகிறீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலும் ஒரு வாரம் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள், டாக்டருக்கு அந்தத் தாள் ஒன்று போதும். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வாத நோய் டாக்டர் டோஸைக் குறைக்கும்போதெல்லாம் சுகர் டாக்டருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சுகர் மருந்தையும் கூடவே குறைக்க வேண்டியிருக்கும். மூட்டுக்குள் ஊசி போட்டாலும் சில நாள் சுகர் எகிறும், தானாக அடங்கிவிடும்.

கேள்வி: அண்ணனுக்கு 57 வயது, ஹார்ட் அட்டாக் வந்து பம்பிங் 30 சதவீதம் என்கிறார்கள். சுகர் கிடையவே கிடையாது. ஆனால் டபாக்ளிஃப்ளோசின் என்று சுகர் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். யாருடைய சீட்டாவது மாறிவிட்டதா? (தம்பி, சேலம்)

பதில்: மாறவில்லை. சுகருக்காக வந்த மாத்திரைதான், ஆனால் பலவீனமான இதயத்துக்கும் நல்லது என்று பிறகு தெரியவந்தது. 2019-ல் வெளிவந்த பெரிய ஆய்வில் சேர்க்கப்பட்ட இதய நோயாளிகளில் பாதிக்கு மேல் சுகரே இல்லாதவர்கள், அவர்களுக்கும் பலன் கிடைத்தது. இந்த மாத்திரை சர்க்கரையை மூத்திரத்தில் தள்ளிவிடும். அதனால் எங்கேயாவது யூரின் டெஸ்ட் எடுத்தால் "சுகர் நாலு பிளஸ்" என்று வரும், அதைப் பார்த்துவிட்டு அண்ணனுக்குச் சுகர் வந்துவிட்டது என்று வீடே அழ வேண்டாம், ரத்தத்தில் பாருங்கள். பிறப்புறுப்பில் அரிப்பு, புண் வரலாம், சுத்தமாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். வாந்தி பேதி என்று படுத்துவிட்டாலும், சாப்பிட முடியாமல் போனாலும் அந்த நாட்களில் மட்டும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ஆபரேஷன் ஏதாவது இருந்தால் மூன்று நாள் முன்னாலேயே நிறுத்தச் சொல்வார்கள். 2020-ல் காப்புரிமை முடிந்ததிலிருந்து நிறைய கம்பெனிகள் தயாரிக்கின்றன, விலையும் இறங்கிவிட்டது.

கேள்வி: 52 வயது. சுகர் 9 வருடம், பிரஷர் 4 வருடம். இரண்டு வருடமாகத் தாம்பத்தியம் இல்லை, முடியவில்லை. மனைவி ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. டாக்டரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. (பெயரும் ஊரும் வேண்டாம்)

பதில்: எனக்கு எழுதியாயிற்று, பாதி தூரம் வந்துவிட்டீர்கள். இது உங்களுக்கு மட்டும் நடக்கிற விஷயமில்லை. சுகர் இருக்கும் ஆண்களில் ஏராளமான பேருக்கு உண்டு, யாரும் பேசுவதில்லை, டாக்டர்களும் கேட்பதில்லை. கேட்காதது எங்கள் தப்பு.

முதலில் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்த உறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் இதயத்தின் குழாயைவிடச் சன்னமானது, அடைப்பு வந்தால் சிறிய குழாய்தான் முதலில் காட்டிக் கொடுக்கும். இரண்டாவது, பிரஷர் மாத்திரைகளில் சில இந்தச் சிக்கலைக் கூட்டும், மாற்று மாத்திரை உண்டு, ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. மனச்சோர்வு, தூக்கமின்மை, குடி, சிகரெட் இவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். சிகிச்சைக்கு மாத்திரைகள் இருக்கின்றன, பெரும்பாலானவர்களுக்கு வேலை செய்யும். ஒரே ஒரு பெரிய எச்சரிக்கை. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் வகை மாத்திரை எதையாவது எடுப்பவர்கள் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது, பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய்விடும். அதனால்தான் கடையில் ரகசியமாக வாங்கிப் போடாதீர்கள் என்கிறேன். "இந்தத் தேதியில் இந்த லாட்ஜில் சந்திக்கலாம்" என்று சுவரில் ஒட்டியிருக்குமே, அங்கேயும் போகாதீர்கள்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை என்றால் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று அர்த்தமில்லை. தன்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். அடுத்த முறை டாக்டரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 81 வயது. 26 வருடச் சுகர், இரண்டு வருடம் முன் பக்கவாதம், இப்போது ஞாபக மறதியும். படுக்கையில்தான். தினமும் ஆறு தடவை விரலில் குத்திச் சுகர் பார்க்கிறேன், 140-ஐத் தாண்ட விடுவதில்லை. மூன்று தடவை லோ சுகர் ஆகியிருக்கிறது. தீபாவளியன்று அதிரசம் கேட்டு அழுதார், தரவில்லை. நான் செய்வது சரிதானே? (மகன், கும்பகோணம்)

பதில்: இவ்வளவு பொறுப்பான மகனைப் பார்ப்பது அரிது. அதை மனதார ஒத்துக்கொண்டு சொல்கிறேன், நீங்கள் செய்வது சரியில்லை.

சுகரை இறுக்கிப் பிடிப்பது எதற்காக? பத்து, பதினைந்து வருடம் கழித்துக் கண்ணும் கிட்னியும் காலும் கெடாமல் இருப்பதற்காக. 35 வயதுக்காரருக்கு அது நியாயம். அப்பாவுக்கு இன்றைய மதியமும் இன்றைய ராத்திரியும்தான் முக்கியம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுகர் நோயாளிகளை வைத்து அக்கார்டு என்று ஓர் ஆய்வு நடத்தினார்கள். இதய நோய் இருப்பவர்கள், வரும் அபாயம் உள்ளவர்கள், சராசரி வயது 62. அதில் ஒரு பாதிப் பேருக்கு மூன்று மாத சராசரியை 6-க்குக் கீழே இழுத்துப் பிடிக்கப் பார்த்தார்கள். அந்தப் பக்கம்தான் சாவு அதிகமாக இருந்தது, 2008-ல் அந்தத் தீவிர சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இத்தனைக்கும் அவர்கள் உங்கள் அப்பாவைவிட 20 வயது சின்னவர்கள், எழுந்து நடமாடியவர்கள்.

இந்த வயதில் இத்தனை நோய்களோடு இருப்பவருக்கு லோ சுகர்தான் பெரிய எதிரி. ஞாபக மறதி உள்ளவருக்குத் தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாது. சும்மா முறைப்பார், இல்லை கையைத் தட்டிவிடுவார், நாம் பிடிவாதம் என்று நினைப்போம். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் மூளைதான் அடி வாங்குகிறது. 200-ஐ ஒட்டி இருந்தால்கூடப் பதற வேண்டாம், 100-க்குக் கீழே போனால்தான் பதற வேண்டும். மருந்தைக் குறைக்கச் சொல்லி நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். "கூட்டுங்க" என்று கேட்கத் தெரிந்த நமக்கு "குறைங்க" என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மருந்து நிலையானதும் ஒரு நாளைக்கு ஒரு தடவையோ, ஒரு நாள் விட்டு ஒரு நாளோ பார்த்தால் போதுமா என்றும் கேளுங்கள். குத்துவதை விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. அவர் சரியாகச் சாப்பிடுவாரா என்பது நிச்சயமில்லை என்றால், சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியைச் சாப்பிட்ட பிறகு, சாப்பிட்ட அளவுக்குத் தகுந்த மாதிரி போடும் வகையாக மாற்ற முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

மிச்சமாகும் நேரத்தில் குதிகாலையும் இடுப்பையும் தினம் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள், படுக்கைப்புண் அங்கேதான் ஆரம்பிக்கும். உட்கார வைத்து ஊட்டுங்கள், படுத்தபடி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள்.

அதிரசம் கொடுங்கள். முழுசாக வேண்டாம், கால்வாசி, பிட்டுப் பாலில் நன்றாக ஊறவைத்து, சாப்பாட்டோடு. தீபாவளி வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம்.

கேள்வி: வெயில் காலத்தில் ஊருக்குப் போனால் அங்கே ஃபிரிட்ஜ் கிடையாது. இன்சுலினை எங்கே வைப்பது? (வாசகி, பரமக்குடி)

பதில்: சின்ன மண்பானையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, இன்சுலின் குப்பியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி அதற்குள் மிதக்க விடுங்கள். பானையை நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்து, வெளிப்பக்கம் ஈரத்துணி சுற்றுங்கள். திறந்த குப்பியில் தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள், பெரும்பாலானவை 28 நாளுக்கு மேல் ஆகாது. வழியில் பஸ்ஸில் டேஷ்போர்டு பக்கமோ ஜன்னலோரமோ வைக்காதீர்கள், ஐஸ் கட்டியோடு ஒட்ட வைக்கவும் கூடாது, உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. பானையைப் பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பரமக்குடி வெயிலில் தண்ணீர்ப் பானையைக் கண்டால் நேராக டம்ளரோடு வந்துவிடுவார்கள்.